நேர்காணலில் உடல்மொழி: 55 விழுக்காடு என்ற கதையும் உண்மையில் எடுபடுவதும்

வேலை தேடுகிற யாருக்கும் வாட்ஸ்அப்பில் இந்தப் படம் ஒருமுறையாவது வந்திருக்கும். பேசும் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஒரு வட்டம். அதற்குக் கீழே ஒரு பட்டியல்: நெஞ்சை நிமிர்த்து, கண்ணைப் பார், கையைக் கட்டாதே, உள்ளே போவதற்கு முன் கழிவறையில் இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நில். பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் பிள்ளையும் இதைப் படிக்கிறது. இருபது ஆண்டு வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு நடந்து, மறுபடியும் நேர்காணல் அறைக்குள் நுழைய வேண்டிய ஐம்பது வயதுக்காரரும் படிக்கிறார். இருவருக்கும் ஒரே குழப்பம்தான். பதிலைத் தயார் செய்வதா, உட்காரும் விதத்தைத் தயார் செய்வதா?

உடல்மொழிக்கு எடை உண்டு, ஆனால் எல்லா நேர்காணலிலும் ஒரே எடை இல்லை. கேள்விகள் தளர்வாக இருக்க இருக்க அதன் எடை கூடும், கேள்விகள் இறுக்கமாக இருந்தால் குறையும். அப்புறம், சிங்கப்பூரில் நேர்காணலுக்குப் போகும் தமிழருக்குப் பெரிய ஆபத்து தன்னம்பிக்கை குறைவாகத் தெரிவதைவிட, சொல்ல வந்ததற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்படுவதுதான் என்பது என் கணிப்பு. இரண்டையும் அடியிலிருந்து பார்ப்போம்.

## அந்த 55 எங்கிருந்து வந்தது?

1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியலாளர் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு சிறிய சோதனைகளை வெளியிட்டார். ஒன்றில் தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் பதிவு செய்து ஒலிக்கவிட்டு, பேசியவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் ‘மேபி’ என்ற ஒரே ஒரு சொல்லை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, கூடவே வெவ்வேறு முகபாவம் கொண்ட புகைப்படங்களைக் காட்டினார்கள். தொனி ஒன்று சொல்லி முகம் வேறொன்று சொன்னால் கேட்பவர் எதை நம்புகிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். இந்த இரண்டின் விடைகளையும் கூட்டிச் சேர்த்ததில் கிடைத்தவைதான் 7, 38, 55.

கவனியுங்கள், அந்த 55 முகபாவத்துக்கு மட்டும் உரியது. உட்காரும் விதம், கைகுலுக்கல், நடை எதுவுமே அந்தச் சோதனையில் கிடையாது. ஒருவர் தன் விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னாளில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்குள் எண்கள் மட்டும் தனியாகக் கிளம்பி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

தாதியர் வேலைக்கு வந்தவரிடம், “நோயாளியின் இன்சுலின் அளவு தப்பாக எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கிறீர்கள், டாக்டர் வார்டில் இல்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். இந்தப் பதிலில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? இந்தக் கணக்கை நம்பிப் பதிலைத் தயார் செய்யாமல் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

## சரி, உடல்மொழியே பொய்யா?

பொய்யில்லை. உடல்மொழி என்று பொதுவாகச் சொல்வதில் முகபாவம், பார்வை, தலையசைப்பு, கை, உட்காரும் நிலை எல்லாம் அடங்கும். பேச்சின் வேகம், ஏற்ற இறக்கம், இடைவெளி ஆகியவை குரல் சார்ந்தவை. ஆய்வாளர்கள் இதைத் தனியாகப் பிரிப்பார்கள், நமக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

இவை எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதற்கு நல்ல சான்று 1993-ல் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சியை ஒலியில்லாமல் 30 நொடி மட்டும் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பாடப்பருவம் முழுக்க அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு அது நிறையவே ஒத்துப்போனது. காட்சியை 6 நொடியாகக் குறைத்த பிறகும் ஒத்துப்போனது. ஆக, நீங்கள் கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள் எதிரே இருப்பவர் மனத்தில் ஏதோ ஒரு கருத்து விழுந்துவிடுகிறது. கைகுலுக்கலுக்கும் ஆய்வு உண்டு. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 98 மாணவர்களை மாதிரி நேர்காணலுக்கு உட்படுத்தியபோது, கைகுலுக்கல் உறுதியாக இருந்தவர்களுக்கு நேர்காணல் நடத்தியவர்களின் பரிந்துரை சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது.

விழுந்த கருத்து சரியானதா என்பது வேறு கேள்வி. கண்ணைப் பார்க்காமல் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்று உலகமே நம்புகிறது. 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் கேட்டு 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பொய்யரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்ற கேள்விக்கு மிக அதிகமாக வந்த பதில் இதுதான். ஆனால் பொய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார் என்று வெறுமனே பார்த்துக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 விழுக்காடு, காசு சுண்டிப் பார்த்தால் 50. கடினமான கேள்விக்கு யோசிக்கும்போது எல்லாருமே பார்வையை விலக்கத்தான் செய்கிறோம். அப்படி விலக்கும்போது நினைவுக்குக் கொண்டுவருவது எளிதாகிறது என்று 1998-லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

ஆக, நம்பிக்கை தவறானது. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கையோடுதான் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

## இடுப்பில் கை வைத்து நிற்பது

இதை விரைவாக முடித்துவிடலாம். 2010-ல் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் மூவரும் 42 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, உடலை விரித்து நின்றால் ஆதிக்க உணர்வோடு இணைத்துப் பேசப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடுகிறது, கார்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைகிறது என்றார்கள். 2012-ல் ஏமி கடி ‘டெட்’ என்ற உரை மேடையில் அதைப் பற்றிப் பேச, உலகம் முழுக்கப் பரவியது. 2015-ல் வேறொரு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தெம்பாக உணர்ந்தோம் என்று பங்கேற்றவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. 2016-ல் கார்னியே முன்வந்து, இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று அறிவித்தார். அப்படி நிற்பது உங்களுக்குத் தெம்பு தருகிறதா, தாராளமாக நில்லுங்கள். ஆனால் அதையே நேர்காணல் தயாரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

## நமக்கே உரிய சிக்கல்கள்

கட்டுரையின் கனமான பகுதி இதுதான். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் அமெரிக்க அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தின் இருபதாவது மாடியில், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், மணிலாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இரண்டு ஆண்டான ஒருவர் என்று மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தமிழருக்கு வரும் சிக்கல்கள் அவற்றில் இல்லை.

1. தலையாட்டல். கழுத்து அசையாமல் தலை மட்டும் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து வருமே, அது நமக்கு ‘ஆமாம்’, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’, ‘செய்துவிடலாம்’ எல்லாம்தான். வாயைத் திறக்காமலே வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசிவிடலாம் அதை வைத்து. இப்போது இந்தக் காட்சியைப் பாருங்கள். “இரவு ஷிஃப்ட் வந்தால் சமாளிப்பீர்களா?” என்று கேட்கிறார்கள். விண்ணப்பதாரர் முகம் மலர்ந்து தலையை அப்படி ஆட்டுகிறார், “முடியும்” என்ற சொல் அரை நொடி கழித்து மெதுவாக வருகிறது. அந்த அரை நொடிக்குள் எதிரே இருப்பவர் பார்த்தது பக்கவாட்டில் அசையும் தலையை, அதாவது அவர் ஊரில் ‘இல்லை’ அல்லது ‘பார்க்கலாம்’. குறிப்பேட்டில் ‘தயங்குகிறார்’ என்று எழுதிக்கொள்கிறார். இந்தியப் பிள்ளைகளோடு ஒரே புளோக்கில் வளர்ந்த சிங்கப்பூர்ச் சீனருக்கு அது புரிந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவருக்குப் புரிய வழியில்லை. தலையாட்டலை அடக்கிவைக்க முயலாதீர்கள், அடக்கினால் கழுத்து விறைத்துப்போய் முகத்திலும் அது தெரியும். சொல்லை முன்னால் விடுங்கள், “முடியும்” என்பது முதலில் வரட்டும், தலை எப்படி வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும்.

2. கண். பெரியவர் பேசும்போது முகத்துக்கு நேரே பார்க்காதே என்று சொல்லி வளர்த்த வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அந்தப் பணிவு அறையில் ‘மறைக்கிறார்’ என்று படிக்கப்படலாம், காரணம் மேலே சொன்ன அந்த உலகளாவிய நம்பிக்கை. அதற்காக உறுத்துப் பார்க்கவும் கூடாது, அது இன்னும் மோசம். கேள்வி கேட்கும்போது கேட்பவரைப் பாருங்கள், யோசிக்கும்போது பார்வை போகிற இடத்துக்குப் போகட்டும், பதிலின் கடைசி வரியில் திரும்பவும் அவரிடம் வாருங்கள். கடைசி வரி மேசையைப் பார்த்து முடிந்தால்தான் நல்ல பதிலும் சந்தேகமாகக் கேட்கிறது. மூவர் இருந்தால் கேட்டவரிடம் தொடங்கி மற்ற இருவருக்கும் பார்வையைக் கொடுங்கள். அப்புறம், அவர்களில் தமிழர் ஒருவர் இருந்தால் நம் கண் தானாக அவர் பக்கமே போகும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

3. கை. கைகுலுக்க அவர் கை நீட்டும்வரை பொறுங்கள். மலாய் முஸ்லிம் பெண்கள் சிலர் ஆண்களோடு கைகுலுக்காமல் நெஞ்சில் கைவைத்து லேசாகத் தலைசாய்ப்பார்கள். அதையே திருப்பிச் செய்தால் போதும், நீட்டிய கையை என்ன செய்வது என்ற திண்டாட்டமே வராது. பெயரட்டை கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கணம் படித்துவிட்டு மேசையில் வையுங்கள், சீனர் வழக்கத்தில் அது மரியாதை. இடக்கையால் எதையும் கொடுக்கக்கூடாது என்று நம் வீட்டில் சொல்லிக்கொடுத்ததும் இதோடு அழகாகப் பொருந்திப்போகிறது.

4. பணிவின் அளவு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒரு ‘சார்’ போடுவது நல்ல வளர்ப்பின் அடையாளமாக நமக்குத் தெரியும். இங்கே தனியார் அலுவலகங்களில் மேலாளரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவது சாதாரணம் என்பதால், அது சக ஊழியராக நின்று பேசத் தெரியாதவர் என்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது. பையைத் தரையில் வையுங்கள், முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொடட்டும். மடியில் பை இல்லாவிட்டாலே கை தானாகப் பேசத் தொடங்கும்.

5. வயது. இது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. எதிரே இருப்பவருக்கு முப்பது வயது இருக்கலாம், உங்கள் பிள்ளை வயது. அப்போது உடல் தன்னை அறியாமல் பின்னால் சாய்ந்துகொள்ளும், கால்மேல் கால் ஏறும், விரல் நீண்டு பாடம் எடுக்கும் தொனி வரும். அனுபவம் உள்ளவர் என்று காட்ட நினைத்தது ‘சொன்னால் கேட்கமாட்டார்’ என்று போய்ச் சேரும். இதற்கு ஒரே மருந்து, கேள்வி முடியும்வரை கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்பது.

## பதற்றம் தெரிந்தால்?

விரல் நடுங்குகிறதே, பேனாவைத் திருகுகிறேனே, கால் ஆடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2016-ல் அமாண்டா ஃபைலர், டெபரா பவல் என்ற கனடா ஆய்வாளர்கள் மாதிரி நேர்காணல்களைப் படம்பிடித்து, பதற்றமானவர்கள் எதனால் மதிப்பெண் இழக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆடையை இழுத்துவிடுவது, கையைப் பிசைவது போன்ற சின்னச் சின்னச் சேட்டைகள் அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. மதிப்பெண்ணைக் குறைத்தவை வேறு: பேச்சு மந்தமாகிப்போனது, முகத்தில் இதம் இல்லாமல் போனது, உறுதியாகச் சொல்லத் தயங்கியது.

அதனால் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று முழுக் கவனத்தையும் அங்கே செலவழிப்பது நஷ்டக் கணக்கு. அந்தக் கவனத்தை எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதில் வைத்தால் முகம் தானாக இளகும்.

சிங்கப்பூருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெயிலில் பத்து நிமிடம் நடந்து, வேர்த்த சட்டையோடு குளிர்சாதன அறைக்குள் போனால் முதுகு சில்லிட்டுத் தோள் தானாகக் குறுகும். பார்ப்பவருக்கு அது பயமாகத் தெரியும். இருபது நிமிடம் முன்னதாகப் போய்க் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வேர்வை அடங்கிய பிறகு மேலே போங்கள்.

## திரைவழி நேர்காணல், கணினி போடும் மதிப்பெண்

வீட்டிலிருந்து பேசும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. திரையில் தெரியும் முகத்தின் கண்ணை நீங்கள் பார்த்தால், அவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும், கேமரா மேலே இருப்பதால். மடிக்கணினியின் அடியில் நாலு தடிப் புத்தகமோ ஒரு மைலோ டின்னோ வைத்துக் கேமராவைக் கண் மட்டத்துக்கு ஏற்றுங்கள். அவருடைய படத்தைத் திரையின் மேல்பக்கம் கேமராவை ஒட்டி நகர்த்தி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகில் விழுந்தால் முகம் கறுப்பாகிவிடும், நம் நிறத்துக்கு இன்னும் அதிகமாக.

ஆளே இல்லாமல் கேள்வி திரையில் வர, நீங்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நேர்காணலும் இப்போது வந்துவிட்டது. முகபாவத்தைக் கணினி அலசுகிறதாமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்தத் துறையில் பெரிய பெயரான ஹயர்வியூ நிறுவனம் முகத்தை அலசி மதிப்பெண் போடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பேசும் சொற்களை அலசிக் கிடைப்பதற்கு மேல் முகம் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமோ வேலையிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் சந்திக்கும் மென்பொருள் எதை அளக்கிறது என்று தெரியாவிட்டால் ஆளெடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

## எந்த நேர்காணலில் எவ்வளவு எடை?

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கட்டமைப்பு நேர்காணல். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் அளவுகோல். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று தொடங்கி மனம்போன போக்கில் போவது இதற்கு நேர்மாறு.

எது நல்ல ஊழியரைக் கண்டுபிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. பால் சாக்கெட் குழு 2022-ல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டது. தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அளவில், பின்னாளில் ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதோடு கட்டமைப்பு நேர்காணலுக்கு 0.42 தொடர்பு வந்தது, கட்டமைப்பில்லாததற்கு 0.19. 2009-ல் மரே பேரிக் குழு தொகுத்த இன்னொரு கணக்கு நம் கேள்விக்கே நேரடியாகப் பதில் சொல்கிறது. தோற்றம், உடல்மொழி, தன்னை எடுத்துக்காட்டும் உத்திகள் எல்லாம் நேர்காணல் மதிப்பெண்ணை நன்றாகவே உயர்த்துகின்றன, ஆனால் கட்டமைப்பு கூடக் கூட அந்த உயர்வு குறைகிறது. வேலையில் சாதிப்பதோடு அவற்றுக்கு உள்ள தொடர்போ மிகவும் சொற்பம்.

“சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்” என்ற மாதிரிக் கேள்விகள் வந்து, எதிரே இருப்பவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் அது கட்டமைப்பு நேர்காணல். அவர் உங்களைப் பார்க்கவில்லையே என்று தளர்ந்துபோக வேண்டாம், அவர் உங்கள் பதிலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

## சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரி 8-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 2027-ல் நடைமுறைக்கு வரும் என்று அரசு சொல்லியிருக்கிறது. வயது, தேசியம், பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலக் குறைபாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஆளெடுப்பில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. 25-க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

உடல்மொழி இந்தப் பட்டியலில் இல்லை. கண்ணைப் பார்க்கவில்லை என்பதற்காக ஒருவரை நிராகரிப்பது அந்த ஒரு காரணத்தாலேயே சட்டமீறல் ஆகிவிடாது. ஆனால் ஆட்டிசம் சட்டத்தின் உடற்குறை விளக்கத்துக்குள் வருகிறது, கண்ணோடு கண் பார்ப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குப் பெரும் சிரமம். கண்ணுக்கும் முகத்துக்கும் மதிப்பெண் போடும் முதலாளிகள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

## பயிற்சி

கண்ணாடி முன் நின்று பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியில் நம்மை நாமே பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்போம், அறையில் கண்ணாடி இருக்காது. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் உள்ள தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு உதவி நிலையத்திலோ ஊழியரணி சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு நடத்தும் வேலைவாய்ப்பு நிலையங்களிலோ ஆலோசகரிடம் பேசிப் பார்க்கலாம். வீட்டில் செய்வதானால் கைத்தொலைபேசி போதும்.

1. ஒரே கேள்விக்கு இரண்டு நிமிடப் பதிலைப் படம்பிடியுங்கள்.

2. முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகம் இறுகியிருக்கிறதா, கடைசி வரியில் கண் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும்.

3. அடுத்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். பேச்சு எங்கே மந்தமாகிறது, எந்த வாக்கியம் பாதியில் தேய்ந்து போகிறது என்பது காதுக்குத்தான் பிடிபடும்.

4. பிறகு இந்தியர் அல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமோ நண்பரிடமோ ஒலியில்லாமல் காட்டி, எந்த இடத்தில் நான் ‘ஆமாம்’ சொல்கிறேன், எந்த இடத்தில் ‘இல்லை’ சொல்கிறேன் என்று மட்டும் கேளுங்கள்.